இலகு டாங்கிகள்: குறை யாரிடம்?

கேள்வி: இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பிரிட்டன் செய்த இலகு ரக டாங்கிகள் வெறும் தகர டப்பாக்களாக இருந்ததற்கு அந்நாட்டுப் பொறியாளர்களின் அறியாமைதானே காரணம்? அதே காலத்தில் ஜெர்மனி கனரக டாங்கிகளை அல்லவா செய்துகொண்டிருந்தது?

பதில்: இரண்டுமே தவறு. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி டாங்கி செய்யத் தடை விதித்த வெர்சாய் உடன்படிக்கையை மீறி, 'விவசாய டிராக்டர்' என்ற பெயரில் மறைத்து உருவாக்கி, 1934 முதல் ஜெர்மனி உற்பத்தி செய்த பான்சர் 1, சுமார் ஐந்தரை டன் எடையும் 13 மில்லிமீட்டர் கவசமும் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளும் கொண்ட வண்டி. அதில் பீரங்கியே கிடையாது. 1939இல் போலந்துக்குள் நுழைந்த ஜெர்மானிய டாங்கிகளில் பாதிக்கும் மேற்பட்டவை பான்சர் 1, பான்சர் 2 ஆகிய இலகு வகைகளே.

பிரிட்டிஷ் பொறியாளர்களின் அறிவுக்கு 1928இல் உருவான விக்கர்ஸ் 6 டன் டாங்கியே சாட்சி. பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்கவில்லை. போலந்து அதை வாங்கித் தன் 7டிபி டாங்கிக்கு அடிப்படையாக்கிக்கொண்டது. சோவியத் ஒன்றியமோ 1930இல் பதினைந்து வண்டிகளை உற்பத்தி உரிமத்தோடு வாங்கி, டி-26 என்று பெயரிட்டு, 1933இல் அதில் 45 மில்லிமீட்டர் பீரங்கியைப் பொருத்தி, பத்தாயிரத்துக்கும் மேல் செய்து குவித்தது. 1936 அக்டோபரில் உள்நாட்டுப் போர் நடந்த ஸ்பெயினில் அது இறங்கியபோது, எதிர்த்தரப்பில் இயந்திரத் துப்பாக்கிகளை மட்டுமே நம்பியிருந்த பான்சர் 1 வண்டிகளும் இத்தாலியச் சிறு டாங்கிகளும் அதற்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

அப்படியானால் பிரிட்டன் ஏன் பின்தங்கியது? அடுத்த பத்தாண்டுகளுக்குப் பெரும்போர் வராது என்ற அனுமானத்தில் 1919 முதல் 1932 வரை ராணுவச் செலவைச் சுருக்கிய அரசு, இருந்த பணத்துக்கு விலை குறைந்த வண்டிகளையே கேட்டது. இந்தியாவின் வடமேற்கு எல்லையில் துப்பாக்கிக் குண்டைத் தடுத்தாலே போதும் என்பதால் அவை அங்கு உண்மையிலேயே பயன்பட்டன. 14 மில்லிமீட்டர் கவசத்தோடு மணிக்கு 56 கிலோமீட்டர் ஓடிய மார்க் 6 என்ற பிரிட்டிஷ் இலகு டாங்கி வேவு பார்க்க ஏற்ற வண்டி. 1940இல் பிரான்சில் பீரங்கி டாங்கிகள் நிற்க வேண்டிய இடத்தில் அதை நிறுத்தியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

இந்த இலகு வண்டிகளுக்கு வழிகாட்டிய சர் ஜான் கார்டன்தான், 1935 டிசம்பரில் விமான விபத்தில் இறப்பதற்கு முன், 60 மில்லிமீட்டர் கவசம் கொண்ட முதல் மட்டில்டா டாங்கியையும் வடிவமைத்தார். 1940 மே 21 அன்று பிரான்சின் அராஸ் நகர் அருகே, ஜெர்மானியரின் 37 மில்லிமீட்டர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளால் அந்தக் கவசத்தைத் துளைக்க முடியவில்லை.