முயல் வயரைக் கடிக்குது, கதவைக் கடிக்குது: கேள்வி பதில்

வீட்டுக்குள் முயல் வளர்ப்பவர்கள் மார்த்தாண்டம், செங்கோட்டை, கம்பம், கொழிஞ்சாம்பாறை, நகரி என்று எல்லையோர ஊர்களிலிருந்து கேட்டவை. கொட்டிலில் கறிக்கு வளர்ப்பதன் சிக்கல்கள் வேறு. அவை இங்கே இல்லை.

மார்த்தாண்டம்: அண்ணே, எட்டு மாச ஆண் முயல். மூணு சார்ஜர் போச்சு, இப்போ பிரிட்ஜ் வயர்ல கை வெச்சிருக்கு. என்ன செஞ்சா நிறுத்தும்?

நிறுத்தாது தம்பி. முயலின் முன்பல் சாகும்வரை வளரும், வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். அதனால் கடிப்பதை ஒழிக்க முடியாது. எதைக் கடிக்கலாம் என்பதை மட்டும்தான் நீங்கள் முடிவு செய்ய முடியும். வளைக்குள் குறுக்கே வரும் வேரைக் கத்தரித்துத் தள்ளுவது அதன் பிறவிப் பழக்கம். தரையோரமாக ஓடும் வயர் அதன் கண்ணுக்கு வேர்தான்.

முதலில் பிரிட்ஜைப் பாருங்கள். சார்ஜரின் போன் பக்க வயரில் ஓடுவது பெரும்பாலும் 5 முதல் 20 வோல்ட்தான், கடித்தால் துண்டை விழுங்கும் ஆபத்து மட்டுமே. பிரிட்ஜ் வயரில் 230 வோல்ட். பிரிட்ஜின் இரண்டு பக்கச் சந்தையும் ஒரு அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷால் இரண்டரை அடி உயரத்துக்கு அடையுங்கள். பின்னால் கம்ப்ரசர் சூட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டு நிதானமாக வயரைக் கடிப்பது எல்லா முயலுக்கும் பிடித்த வேலை.

மற்ற வயர்களைத் தரையிலிருந்து மூன்றடிக்கு மேலே ஏற்றி, சுவரில் கேசிங் கேப்பிங் (வயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) அடித்து விடுங்கள். தரை மட்டத்தில் அடித்தால் கேப்பிங்கின் விளிம்பில் பல்லைக் கொடுத்து நெம்பி எடுத்துவிடும். ஏற்றவே முடியாத வயருக்கு 20 மில்லிமீட்டர் பிளெக்சிபிள் பைப் வாங்கி, பிளேடால் நீளவாக்கில் கீறி, வயரை உள்ளே அழுத்துங்கள். கீறிய பக்கம் சுவரைப் பார்க்க வேண்டும். அரை அடிக்கு ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை போட்டு, டையின் வாலை ஒட்ட நறுக்கிவிடுங்கள். கம்ப்யூட்டர் மேசைக்கு விற்கும் மெல்லிய ஸ்பைரல் சுருள் ஒரு ராத்திரிக்குக்கூடத் தாங்காது.

அதே நண்பர்: வீட்ல ஆர்சிசிபி, அதான் கரன்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச், போட்டிருக்கோம். அப்போ ஷாக் பயம் இல்லைதானே?

இருக்கிறது. மின்சாரம் உடம்பு வழியாகத் தரைக்குக் கசிந்தால்தான் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி விழும். வயருக்குள் இருக்கும் பேஸ், நியூட்ரல் கம்பி இரண்டையும் ஒரே கடியில் பல்லுக்கு நடுவே பிடித்துவிட்டால் கசிவே இருக்காது, அதுவும் சும்மா இருக்கும்.

ஷாக் அடித்துவிட்டால் முயலைத் தொடாமல் மெயினை அணையுங்கள். பிறகு வாயைத் திறந்து பாருங்கள், உதட்டிலும் நாக்கிலும் வெளுத்த தீப்புண் இருக்கும். எழுந்து ஓடிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் வரலாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டியாக வேண்டும். நீங்கள் இருக்கும் பக்கம் என்றால் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கம்பத்துக்காரர்களுக்குத் தேனி, பொள்ளாச்சிப் பக்கம் உடுமலைப்பேட்டை, பாலக்காட்டுப் பக்கம் மண்ணுத்தி, நகரி சித்தூர்ப் பக்கம் திருப்பதி. இந்த ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. முயலைத் தெரிந்த டாக்டர் உள்ளூரில் இருந்தால் அதுவே மேல்.

செங்கோட்டை: அண்ணாச்சி, பல்லு தேய மரக்கட்டை போட்டாப் போதும்னு கடையில சொல்லுதாவ. நாங்க வைக்கோலும் போடுதோம். சரிதானா?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். வீட்டை நாசம் செய்யும் முயல்களில் பெரும்பாலானவை புல் போதாத முயல்கள்.

முயலுக்கு 28 பல். நம் கண்ணில் படுவது முன்பல் மட்டும். உள்ளே இருக்கும் கடைவாய்ப் பற்களும் அதேபோல் வளர்ந்துகொண்டே இருக்கும். மரக்கட்டையை முன்பல்லால்தான் சீவும், கடைவாய்க்கு அதில் வேலையே இல்லை. நீளமான புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தின்னும்போதுதான் கடைவாய் தேயும். தேயாவிட்டால் ஓரத்தில் ஊசிபோல் முனை வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்தும். ஆகவே கட்டை விளையாட்டுச் சாமான், புல்தான் சாப்பாடு.

ஒரு நாளைக்கு அதன் உடம்பு அளவுக்கு ஒரு குவியல் காய்ந்த புல், தீரத் தீர. இரண்டு கிலோ முயலுக்குக் கம்பெனித் தீவனம் 50 கிராமுக்கு மேல் வேண்டாம். கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் கறி முயலைக் கொழுக்க வைக்கும் தீவனம். அதைக் கிண்ணம் நிறைய வைத்தால் பத்து நிமிஷத்தில் வயிறு நிறைந்துவிடும். மீதி நாள் முழுக்க வாய்க்கு வேலை இல்லை, உங்கள் சோபாதான் புல். பிஸ்கட், பிரெட், சோறு மூன்றையும் அடியோடு நிறுத்துங்கள்.

நெல் வைக்கோல் விஷம் இல்லை, ஆனால் சத்து இல்லை, மருந்தடித்த மிச்சமும் இருக்கலாம். படுக்கைக்குப் போடுங்கள். தின்ன கொழுக்கட்டைப் புல், கினியாப் புல், அருகம்புல் நல்லவை. கோ 4, கோ 5 என்று மாட்டுக்காரர்கள் வைத்திருக்கும் கம்பு நேப்பியரும் ஆகும், ஆனால் அதில் ஆக்சலேட் கூடுதல், அதை மட்டுமே போடாமல் கலந்து போடுங்கள். குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆட்டுக்குப் போடும் சவுண்டல் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள மிமோசின் என்னும் நஞ்சு முடியைக் கொட்ட வைக்கும்.

நீங்களே காயவைக்கலாம். ஐந்து கிலோ பச்சைப் புல்லுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ மிஞ்சும். பாதி நிழலில் பரப்பி, ஒரு நாளைக்கு இரண்டு தடவை புரட்டுங்கள். தண்டை வளைத்தால் வளையாமல் பட்டென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம். உங்கள் ஊர்ச் சாரல் காலத்தில் இது நடக்காது. அதனால் மே மாதமே நான்கு மாதத்துக்கானதைக் காயவைத்து, சாக்கில் தளர்வாகக் கட்டி, தரையில் படாமல் பலகைமேல் ஏற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் இறுக்கினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். சாக்கைப் பிரித்ததும் மண்வாசம் போல ஒரு புழுக்க வாடை வந்து, உதறினால் சாம்பல் நிறத் தூசி பறந்தால் மொத்தமும் குப்பைக்குத்தான். காயவைத்து மீட்கலாம் என்று பார்க்காதீர்கள்.

புல்லை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். முயல் புழுக்கை போட்டுக்கொண்டே தின்னும் ஜீவன். மூத்திரத் தட்டின் ஒரு தலைப்பில் புல் வைத்தால் தின்பதும் கூடும், வீடெல்லாம் புழுக்கையும் குறையும். தீவன மாற்றத்தைப் பத்து நாளில் படிப்படியாகச் செய்யுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிறு கெடும்.

கொழிஞ்சாம்பாறை: ஏனுங்ண்ணா, கடிக்க எந்தக் குச்சி போடலாமுங்க? எங்க தோட்டத்துல எல்லாமே இருக்குதுங்க.

கொய்யா, மல்பெரி, மூங்கில், செம்பருத்தி. கொய்யாக் குச்சி கட்டைவிரல் தடிமனில், பட்டையோடு, ஒரு சாண் நீளம். பட்டையை உரிப்பதில்தான் அதற்கு ருசியே. பச்சையாகக் கொடுக்கலாம், ஒரு வாரம் காய்ந்ததும் சரி. மருந்து அடித்த மரமாக மட்டும் இருக்கக் கூடாது. ஓரத்தில் முள்ளில்லாத பனையோலைப் பெட்டி, சாயம் போடாத கோரைப்பாய்த் துண்டு, எழுத்துப் பூச்சு இல்லாத அட்டைப் பெட்டி (டேப்பும் ஸ்டேப்ளர் பின்னும் எடுத்துவிட்டு) இவையும் ஆகுமுங்க. பழைய ஓலைப் பெட்டிக்குள் புல்லைத் திணித்து வைத்தால் அரை நாள் பொழுது போகும்.

கூடாதவை: அரளி, எருக்கு, குரோட்டன்ஸ், வீட்டுக்குள் தொட்டியில் இருக்கும் மணிபிளான்ட், டிஃபென்பேக்கியா. மரவள்ளி இலையும் தோலும் சயனைடு விஷம். மலையாளக் கரையில் மரச்சீனி உரித்த தோல் சமையலறை மூலையில் கிடக்கும், அங்கே முயல் போகாமல் பார்க்க வேண்டும். ரப்பர் விறகு, பிளைவுட், பாலிஷ் போட்ட மரம் இவற்றையும் தள்ளி வையுங்கள்.

நகரி: அண்ணா, ரொம்பப் பழைய வீடு. கதவு நிலையையும் சுண்ணாம்புச் சுவரையும் சுரண்டித் தின்னுது. கால்சியம் குறைச்சலா?

குறைச்சல் இல்லைம்மா, பெரும்பாலும் சும்மா இருப்பதுதான் காரணம். முயலின் குடல் தேவை இருக்கிறதா என்று பார்க்காமல் தீனியில் உள்ள சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். மிச்சம் மூத்திரத்தில்தான் வெளியே போகும். சுவரைத் தின்றால் மூத்திரம் சுண்ணாம்புப் பால் மாதிரிக் கெட்டியாகும், மூத்திரப் பையில் மணல் சேரும். உப்புக்கட்டி, மினரல் கட்டி வாங்கித் தொங்கவிடவும் தேவையில்லை.

எனக்குக் கவலை தருவது நிலையில் இருக்கும் பெயின்ட். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் அடுக்கில் ஈயம் இருக்கலாம். தீனி குறைந்து சோர்ந்து போனால் பெயின்ட் தின்றதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நிலைக்கு ஒரு அங்குல அலுமினிய எல்-ஆங்கிள் இரண்டடி வெட்டி, வெட்டு முனையை அரத்தால் ராவி, ஸ்க்ரூ போட்டு மூலையோடு பொருத்துங்கள். கீழே தரையோடு ஒட்டி உட்கார வேண்டும். விரல் நுழையும் சந்து விட்டால் அங்கிருந்தே ஆரம்பிக்கும். சுவருக்கு மிச்சம் கிடக்கும் டைல்ஸை ஓர் அடி உயரத்துக்கு ஒட்டினால் போதும்.

கம்பம்: அண்ணே, விடியக்காலம் நாலு மணிக்குக் கூண்டுக் கம்பியப் போட்டுக் கடகடன்னு ஆட்டுது. எந்திரிச்சுத் தொறந்து விட்டாத்தான் அடங்குது.

திறந்துவிடுவதால்தான் நாளைக்கும் ஆட்டும். கம்பியைக் கடித்தால் கதவு திறக்கும் என்று நீங்களே பாடம் நடத்திவிட்டீர்கள். விடியலும் அந்தியும்தான் முயலின் பொழுது, அதை மாற்ற முடியாது. சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது மணிவரை வெளியே விட்டு ஓடவிடுங்கள். படுக்கப் போகும்போது புதுப் புல்லும் இரண்டு குச்சியும் போடுங்கள். காலையில் அது ஆட்டுவதை நிறுத்தி இரண்டு நிமிஷம் ஆன பிறகே கதவைத் திறங்கள். முதல் வாரம் இன்னும் மோசமாக ஆட்டும், அப்போது இடையில் ஒருநாள் இளகினால் பழையபடிதான். கம்பி கடித்துக் கடித்து முன்பல் கோணிவிட்டால் ஆயுசுக்கும் சீர்ப்படாது. உண்மையில் கூண்டே சிறிதாக இருக்கும் என்று நினைக்கிறேன். கூண்டை எடுத்துவிட்டு ஒரு மூலையில் மூன்றடி உயர மெஷ் தடுப்பு கட்டுங்கள்.

மிளகாய்த்தூள் தடவலாமா? அடிச்சா பயம் வருமா?

இரண்டும் வேண்டாம். மிளகாய்த்தூள் பறந்து கண்ணிலும் மூக்கிலும் ஏறும். அடித்தால் உங்களைக் கண்டால் ஓடும், வயரைக் கண்டால் ஓடாது. உதறித் துள்ளும்போது முதுகெலும்பே முறியும் அளவுக்கு மெல்லிய எலும்பு அதற்கு. கடிக்கும் நொடியில் ஒரே சொல்லாக “வேண்டாம்” என்று சொல்லி, அதன் முன்னால் குச்சியை வையுங்கள்.

நேத்து சோபா அடித்துணியக் கிழிச்சுத் தின்னுடுச்சு. இன்னிக்குக் காலைலருந்து தீனி எடுக்கல. நாளைக்குப் பாத்துக்கலாமா சார்?

இதைப் படித்ததும் கிளம்புங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. போன துணி குடல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அவசரம்தான். புழுக்கை கடுகு மாதிரிச் சிறுத்து, நூலில் கோத்தாற்போல் வந்தால் அது முன்னறிவிப்பு. முயல் என்று சொல்லியே மருந்து கேளுங்கள். பென்சிலின், அமாக்சிசிலின் வகையை வாய்வழி கொடுத்தால் முயலின் குடல் கெட்டு உயிர் போகும், மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிவிடாதீர்கள். திரும்பி வந்த பிறகு சோபாவின் அடியைப் பலகைச் சட்டத்தால் நான்கு பக்கமும் அடைக்கலாம்.

அஞ்சு மாசப் பெண் முயல். சாதுவா இருந்தது, ஒரு வாரமா மெத்தையப் பிராண்டுது, நெஞ்சு முடியப் பிடுங்குது.

வயசுக்கு வந்திருக்கிறது. ஆணோடு சேர்ந்திருந்தால் சினையாகவும் இருக்கலாம், சேராவிட்டால் பொய்ச்சினை. பொய்ச்சினை 16 முதல் 18 நாளில் தானாக அடங்கும். ஒரு பெட்டியில் புல் போட்டுக் கொடுங்கள், கூட்டைக் கலைக்காதீர்கள். அடிக்கடி வந்தால் கருப்பை நீக்கும் அறுவையைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். பிராண்டலும் கடியும் அதற்குப் பிறகு நன்றாகக் குறையும்.

முன்பல் நீண்டிருக்கு. நகவெட்டியால வெட்டிரலாமா?

கூடாது. பல் நீளவாக்கில் வேர்வரை பிளந்து சீழ் பிடிக்கும். டாக்டர் ராவி எடுக்க வேண்டும். வாரம் ஒரு தடவை உதட்டை விலக்கிப் பாருங்கள், மேல்பல் கீழ்ப்பல்லுக்குச் சற்று முன்னால் உளிபோல் பொருந்தி நிற்க வேண்டும். தாடை நனைந்திருப்பது, கண்ணில் நீர் வடிவது, வாயில் எடுத்த புல்லைக் கீழே போடுவது எல்லாம் கடைவாய்க் கோளாறு. அதை நீங்கள் வீட்டில் பார்க்க முடியாது.

ரப்பர் தோட்டத்துல காட்டு முயல் குட்டி ஒண்ணு கெடச்சுது. வளத்தா கடிக்காம இருக்குமா?

வளர்ப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். குட்டியைத் தனியே விட்டுவிட்டுத் தாய் பொழுது சாய்ந்ததும் பால் கொடுக்க வரும், அதுதான் காட்டு முயலின் வழக்கம். எடுத்த இடத்திலேயே இன்றைக்கே வைத்துவிடுங்கள், நாயை மட்டும் கட்டிப் போடுங்கள்.