எண் பொறித்த கேமராவா, வழக்கமான மாடலா?

குறைந்த எண்ணிக்கையில் மட்டும் வரும் சிறப்புப் பதிப்பு இது. உள்ளே வழக்கமான மாடலில் இருக்கும் அதே சென்சார், அதே ஷட்டர். வெளியே மட்டும் வரிசை எண், மரப்பெட்டி, மூலையில் பித்தளை தெரியும்படி தொழிற்சாலையிலேயே தேய்த்த கறுப்புப் பெயின்ட். இதற்கு இரட்டிப்பு விலை கொடுக்கலாமா, பின்னாளில் விலை ஏறுமா, தினமும் படமும் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலை ஏறுவதும் தினமும் எடுப்பதும் ஒத்துப்போகாது. சேகரிப்பாளர்கள் தேடுவது பிரிக்காத பெட்டியை. பட்டை மாட்டும் வளையத்தைச் சுற்றி ஒரு கீறல் விழுந்தாலே பேரத்தை அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். பூட்டி வைத்தாலும் நிம்மதி இல்லை: பேட்டரி செத்துப்போகும், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

பெயரும் மரமும் மட்டும் மதிப்பைக் கொண்டுவராது. கேமரா நிறுவனமான ஹாசல்பிளாட் 2012-ல் அறிவித்த லூனார் கேமரா, அடிப்படையில் சோனியின் நெக்ஸ்-7 கேமராதான். மரப்பிடி போட்டுப் பல மடங்கு விலை சொன்னார்கள், கேலிதான் மிஞ்சியது. லைக்கா எம் எடிஷன் 60 வேறு ரகம். 2014-ல் 600 மட்டுமே வந்த அந்த டிஜிட்டல் கேமராவுக்குப் பின்பக்கத் திரையே கிடையாது; அந்த இடத்தில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) மாற்றும் சக்கரம். எடுத்த படத்தை உடனே பார்க்க முடியாது. அதற்குப் பின்னால் ஒரு யோசனையாவது இருக்கிறது. (எனக்குக் கட்டுப்படியாகாது, அது வேறு விஷயம்.)

சரி, உங்களுக்கு அந்தப் பித்தளை மஞ்சள்தான் பிடித்திருக்கிறது என்று தோன்றுகிறது. அதே மாடல் சாதாரணக் கறுப்புப் பெயின்டில் கிடைத்தால் அதை வாங்குங்கள். விரல் படும் இடத்தில் தானாகவே தேயும். மிச்சப் பணத்தில் நல்ல 35 மி.மீ. லென்ஸ் ஒன்று பாருங்கள்.