காந்திமதின்னு வைக்கலாமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அண்ணாச்சி வணக்கம்,

நான் திருநெல்வேலி தச்சநல்லூர். போன மாசம் எங்களுக்குப் பொம்பளப் பிள்ளை பிறந்துருக்கு. என் அத்தை (வீட்டுக்காரரோட அம்மா) பேரு காந்திமதி. அவங்க வாயத் திறந்து எதுவும் கேக்கல, ஆனா மாமாவுக்கு அந்தப் பேரைத்தான் வைக்கணும்னு ஆசை. எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா அத்தை பேரைச் சொல்லி பிள்ளைய எப்படி அதட்டுறதுன்னு ஒரு சங்கடம். நாத்தனார் வேற, "அது கோயில் யானை பேருல்லா, பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்க"ங்கா. பிள்ளைக்கு அஸ்வினி நட்சத்திரம், சு, சே, சோ, லா இதுல ஒண்ணுலதான் ஆரம்பிக்கணும்னு ஜோசியர் எழுதிக் கொடுத்துருக்கார். நியூஜெர்சில இருக்க எங்க அக்கா, "இங்கல்லாம் எலிசபெத், மேரின்னு எந்தக் காலத்துக்கும் பழசாகாத பேரா பாத்து வைக்காங்க, நம்மகிட்ட அப்படி எந்தப் பேரு இருக்கு, நல்லா யோசி"ன்னு சொல்லுதா. எனக்கு ஒண்ணும் ஓடல. நீங்க சொல்லுங்க. என் பேரு போட வேண்டாம் அண்ணாச்சி.

—

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிள்ளையும் நீயும் நல்லா இருக்கணும். காந்திமதின்னே வைம்மா. ஏன்னு சொல்லுதேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பிள்ளை தூங்குத நேரமா பாத்துப் படி.

முதல்ல அக்கா சொன்னத எடுத்துக்கிடுவோம், ஏன்னா அவ நல்ல கேள்வி கேட்டுருக்கா. அமெரிக்கால சமூகப் பாதுகாப்பு நிர்வாகம்னு ஒண்ணு இருக்கு, அவங்ககிட்ட 1880-லேர்ந்து எந்த வருஷம் எந்தப் பேரை எத்தன பிள்ளைகளுக்கு வச்சாங்கன்னு கணக்கு இருக்கு. 1880-லேர்ந்து 1946 வரைக்கும் பொம்பளப் பிள்ளை பேர்ல வருஷா வருஷம் மேரிதான் முதல் இடம். 1947-ல லிண்டா மேல ஏறிச்சு, ஆறு வருஷம் முதல் இடத்துல நின்னுட்டு இறங்கிட்டு. பிறகு 1970-லேர்ந்து 1984 வரைக்கும் ஜெனிபர். இந்த லிண்டாவையும் ஜெனிபரையும் கேட்டாலே அந்த ஊர்க்காரங்க வயசைச் சொல்லிருவாங்க. ஆனா எலிசபெத்னு ஒரு பேரு இருக்கு பாரு, அது முதல் இடத்துக்கு ஒரு தடவ கூட வரல, ஆனா எந்தக் காலத்துலயும் ஒதுங்கவும் இல்ல. அதுக்குக் காரணம்னு நான் நினைக்கது, அந்தப் பேருக்குள்ள லிஸ், பெத், பெட்டி, லிசி, எலிசான்னு அத்தன கூப்பிடுத பேரு இருக்கு. ஆச்சி பெட்டின்னா பேத்தி லிஸ்னு இருப்பா, எழுதுறது என்னமோ ஒரே பேருதான். ஒவ்வொரு தலைமுறையும் அந்தப் பேரைத் தன் வாய்க்குத் தக்கன உடைச்சுக்கிட்டுப் போயிருக்கு, அதனால அது கிழடாகல.

நம்ம ஊர்ப் பேரும் இப்படித்தான். நம்ம பக்கத்து அம்மன் பேரை எல்லாம் ஒண்ணொண்ணா சொல்லிப் பாரு, எல்லாம் முழுசா சொல்ல நீளமா இருக்கும், கூப்பிடும்போது சின்னதாகிரும். சங்கரன்கோயில் கோமதி, கோமு. பாபநாசத்து உலகம்மை, உலகு. கோவில்பட்டி செண்பகவல்லி, செண்பகம். சிவசைலத்துப் பரமகல்யாணி, கல்யாணி. குத்தாலத்துல குற்றாலநாதர் பக்கத்துல இருக்க அம்மன் பேரு குழல்வாய்மொழி, அந்தப் பேரை எழுதி வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் வேணாலும் பாத்துக்கிட்டு இருக்கலாம், அவ்வளவு அழகு, இப்ப குழலின்னு புதுசா வைக்காங்களே, அது அந்தப் பேருக்குள்ளயே இருக்கு, ஆனா குழல்வாய்மொழின்னு முழுசா எழுதத்தான் ஆளுக்குத் துணிச்சல் வர மாட்டேங்குது. சாஸ்தாவக் குலதெய்வமா கும்பிடுத வீடுகள்ல பூரணம்னு ஒரு பேரு உண்டு, சாஸ்தா பக்கத்துல பூரணை, புஷ்கலைன்னு ரெண்டு தேவியர்லா, அந்தப் பூரணை. பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தா கோயில் வாசல்லயாவது நின்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்தா போதும், இந்தப் பேரெல்லாம் ஆறு வயசுப் பிள்ளையையும் அறுபது வயசு ஆச்சியையும் கூப்பிடக் கேக்கலாம். இசக்கி, பேச்சி, இதெல்லாமும் அப்படித்தான், டவுண்ல இருக்கவங்க இப்ப கூச்சப்படுதாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. இசக்கின்னு கூப்பிட்டா நம்ம சீமைல எந்த மூலைல இருக்கவனும் அது யாரு பிள்ளைன்னு கேக்காமலே அது நம்ம பிள்ளைன்னு தெரிஞ்சுக்கிடுவான்.

கோயில் பேரு மட்டும் இல்ல. பாளையங்கோட்டைல 1785-ல கட்டுன கிளாரிந்தா சர்ச் இருக்கே, அது ஒரு பொம்பள கட்டுனது, அவங்க பேராலேயே இன்னிக்கும் நிக்கி. அன்னாள், எஸ்தர், ரூத், சாராள், மரியாள் எல்லாம் தமிழ் வேதாகமத்து வழியா வந்து, நாசரேத்து மெஞ்ஞானபுரம் பக்கத்து வீடுகள்ல எத்தனையோ தலைமுறையா புழங்கிப் புழங்கி அந்த மண்ணுப் பேராவே ஆயிட்டு. மேலப்பாளையத்துலயும் காயல்பட்டினத்துலயும் பாத்திமா, ஆயிஷா, கதீஜா என்னைக்காவது பழசாயிருக்கா? தூத்துக்குடிக் கடற்கரைல பனிமய மாதா பேரை வச்சவங்க இருக்காங்க. அக்காட்ட சொல்லு, எலிசபெத் மாதிரிப் பேருக்கு நம்மகிட்ட பஞ்சமே கிடையாது, எடுத்து வைக்க ஆளுதான் வேணும்.

சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், செங்கோட்டைன்னு எந்தப் பக்கம் போனாலும் ஆவுடையம்மாள்னு ஒரு ஆச்சி இருப்பாங்க. செங்கோட்டை ஆவுடையக்காள் சின்ன வயசுலயே விதவையாகி, வேதாந்தத்த எளிமையான தமிழ்ப் பாட்டாப் பாடி வச்சுட்டுப் போனவங்க, அதைப் பொம்பளைகதான் வாய்வழியா பாடிப் பாடிக் காப்பாத்துனாங்க. அந்த ஆவுடைங்கிற பேரு இப்ப பிறக்க பிள்ளைகளுக்கு யாரும் வைக்கதா தெரியல. உனக்கு ரெண்டாவது பொம்பளப் பிள்ளை பிறந்தா ஞாபகம் வச்சுக்கோ.

இன்னொண்ணும் இருக்கு, பாண்டியராணி மங்கையர்க்கரசி. அவங்க வீட்டுக்காரர்தான் நின்றசீர் நெடுமாறன், நெல்வேலிப் போர்ல ஜெயிச்சவருன்னு சுந்தரரே பாடியிருக்கார். சம்பந்தர் அந்த ராணியப் பாடி ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு மேல ஆயிட்டு, இன்னிக்கும் எந்த ஆபீஸ்லயாவது ஒரு மங்கையர்க்கரசி மேடம் இருக்காங்க. மங்கைன்னு கூப்பிடுவாங்க.

ஆனா பழைய பேருங்கிறதுக்காக எல்லாத்தையும் நான் தலைல தூக்கி வச்சுக்கிட மாட்டேன் தங்கச்சி. போதும்பொண்ணுன்னு பேரு வச்ச ஊர்தான் இது. மூணாவது நாலாவதா பொம்பளப் பிள்ளை பிறந்தா இனி வேண்டாம்னு சாமிக்குச் சொல்லுததுக்கு அந்தப் பிள்ளை தலைலயே அதை எழுதிட்டாங்க, அவ பள்ளிக்கூடத்துலயும் ரேஷன் கடையிலயும் கல்யாணப் பத்திரிகைலயும் அதைச் சுமந்துக்கிட்டே போகணும். அது எனக்கு இன்னிக்கும் ஆறாது. பிச்சம்மாள், மூக்கம்மாள் வேற கதை, முந்தின பிள்ளைக தங்காமப் போன வீட்டுல இந்தப் பிள்ளையாவது தங்கணும்னு மூக்குக் குத்தி, பிச்சையெடுத்த பிள்ளை மாதிரி வச்ச பேரு, அதுல அம்மாவோட பயம் இருக்கு, அன்பும் இருக்கு. அதனால ஒரு பேரை எடுக்கும்போது அதை எதுக்கு வச்சாங்கன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுரு.

சரி, உன் சங்கடத்துக்கு வாரேன்.

அத்தை பேரைச் சொல்லக் கூடாதுங்கிறது மரியாதை, அதை நீ விட வேண்டாம், உனக்கு மனசு வரலன்னா வரல. முன்னால எல்லா வீட்டுலயும் இதே சிக்கல்தான், ஏன்னா அப்பாவோட அம்மா பேரத்தான் மூத்த பேத்திக்கு வைப்பாங்க, மருமக வாயால அந்தப் பேரு வராது, அதனால எழுதுறதுக்கு ஒரு பேரு, கூப்பிட ராசாத்தி, தாயி, பாப்பான்னு ஒரு பேருன்னு ஆகும். பிரச்சினை என்னன்னா அப்படி ஆன இடத்துல எல்லாம் நல்ல பேரு பெட்டிக்குள்ள போயிரும், ராசாத்தியே நிலைச்சுரும். உனக்கு அந்தக் கஷ்டம் இல்ல. காந்திமதிக்குள்ள மதி இருக்குல்லா. மதின்னு கூப்பிடு. மதி, இங்க வா. மதி, பால் குடிச்சியா. இப்ப பிறக்க பிள்ளைகளுக்குத் தனியா மதின்னும் மதிவதனின்னும் தேடித் தேடி வைக்காங்க, உன் வீட்டுல அது சும்மா கிடக்கு. மாமா வேணும்னா காந்தின்னு கூப்பிடட்டும். அத்தையவும் அவரு அப்படித்தான் கூப்பிடுவாரோ என்னமோ, கேட்டுப் பாரு.

யானை விஷயம். நெல்லையப்பர் கோயில் யானைக்குக் காந்திமதின்னு பேரு வச்சதே அம்மன் பேருங்கிறதாலதான். 2025 ஜனவரில அந்த யானை செத்தப்ப டவுண் ஜனம் திரண்டு வந்து நின்னு அழுதத நாத்தனாரும் டிவில பாத்துருப்பா. அப்படி அழ வச்ச பேருல என்ன கேலி இருக்கு? பள்ளிக்கூடத்துல பிள்ளைக எந்தப் பேரையும் கேலி பண்ணத்தான் செய்யும், எந்தப் பேரு வச்சாலும் அதுக்கு ஒரு எதுகை கண்டுபிடிச்சுரும். பிள்ளைக்கு விவரம் வந்ததும் அம்மன் சன்னதிக்குக் கூட்டிட்டுப் போ. சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் சேக்குத சங்கிலி மண்டபம் இருக்கே, 1647-ல வடமலையப்பப் பிள்ளையன் கட்டுனது, அது வழியா நடத்திக் கூட்டிட்டுப் போயி உள்ள இருக்கது யாருன்னு காட்டு. ஐப்பசில திருக்கல்யாணம் பாக்கட்டும். பிறகு எவன் கேலி பண்ணாலும் அவளே பதில் சொல்லிக்கிடுவா.

ஜோசியர் எழுத்து. எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது, ஆனா உங்க வீட்டுல இருக்கவங்க மனசு கஷ்டப்படக் கூடாது. பேரு சூட்டுத அன்னிக்கு நட்சத்திர எழுத்துல ஒரு பேரைக் காதுல சொல்லிட்டு, கூப்பிடுறதுக்கும் எழுதுறதுக்கும் வேற பேரு வச்சுக்கிடுத வழக்கம் பல வீடுகள்ல உண்டு, அதைச் செய்ங்க. லா-ல ஆரம்பிக்கணும்னு வாயில நுழையாத ஒண்ண உண்டாக்கி, அதுக்கு எண் கணிதம் பாத்து நடுவுல ரெண்டு எழுத்தக் கூட்டி, பிள்ளை ஆயுசு முழுக்க ஒவ்வொரு கவுண்டர்லயும் நின்னு எழுத்துக்கூட்டிச் சொல்லுத மாதிரி பண்ணிறாதீங்க, அதான் எனக்கு வேண்டியது.

கடைசியா ஒரு காரியம், இதுதான் இப்ப அவசரம். பிறப்பை இருபத்தோரு நாளுக்குள்ள பதிஞ்சுருக்கணும், ஆஸ்பத்திரில பிறந்திருந்தா அவங்களே அனுப்பியிருப்பாங்க, ஒரு தடவ விசாரிச்சுக்கோ. பேரு இல்லாமலே பதியலாம், பிறகு பன்னெண்டு மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாம பேரைச் சேத்துக்கிடலாம், அது தாண்டுனாலும் தாமதக் கட்டணம் கட்டி பதினஞ்சு வருஷம் வரைக்கும் வழி இருக்கு. ஆனா அப்படி இழுக்காத. 2023 அக்டோபர் 1-லேர்ந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், லைசென்ஸ், ஓட்டர் லிஸ்ட், ஆதார்னு எல்லாத்துக்கும் இந்த ஒரு சர்ட்டிபிகேட்தான் ஆதாரம். இங்கிலீஷ்ல ஜி போட்டு எழுதுறதா கே போட்டு எழுதுறதா, தி-க்கு எச் சேக்கதா வேண்டாமான்னு இப்பவே முடிவு பண்ணிக்கோ, அத்தையோட ஆதார் கார்டுல எப்படி இருக்குன்னு பாத்து அதே மாதிரி எழுதிட்டா குழப்பமே இல்ல. சர்ட்டிபிகேட்ல காந்திமதின்னு முழுசா போடு, மதின்னு சுருக்கிப் போட்றாத, வீட்டுல மட்டும் மதி.

அத்தைட்ட நேராவே கேட்டுரும்மா. அவங்க வாயத் திறந்து கேக்க மாட்டாங்க, நீ கேட்டா சந்தோஷப்படுவாங்க.

அன்புடன்,
அண்ணாச்சி