கண் அழுத்த மாத்திரை தலைக்குள் என்ன செய்கிறது?

கேள்வி: என் வயது 31. சில மாதங்களாகக் கடுமையான தலைவலி. குனிந்து நிமிர்ந்தால் சில நொடிகள் கண் இருட்டிவிடும். கண் மருத்துவர் பார்வை நரம்பு வீங்கியிருப்பதாகச் சொல்லி நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார். ஸ்கேனில் கட்டியோ ரத்தக்குழாய் அடைப்போ இல்லை. முதுகில் ஊசி போட்டுப் பார்த்ததில் நீரின் அழுத்தம் 34 என்றார்கள். அசிட்டசோலமைடு மாத்திரை தந்திருக்கிறார்கள். மருந்துக் கடையில் கேட்டால் இது கண் அழுத்த நோய்க்கான மாத்திரை என்கிறார்கள். எனக்குக் கண் அழுத்தம் சரியாகத்தான் இருக்கிறது. விரல் நுனிகள் மரத்துப்போகின்றன; சோடா குடித்தால் வாய் கசக்கிறது. தலைவலி இப்போது குறைந்துவிட்டதால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? என் அக்கா ஒற்றைத் தலைவலிக்கு டோபிரமேட் சாப்பிடுகிறார். அதை நானும் எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: முதலில் உங்கள் முக்கியமான கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம். தலைவலி குறைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் உங்கள் நோயில் பார்வை பாதுகாப்பாக இருக்கிறதா என்பதைத் தலைவலியை வைத்து முடிவு செய்ய முடியாது.

மருந்துக் கடையில் சொன்னது தவறல்ல. அசிட்டசோலமைடு 1954 முதல் கண் அழுத்த நோய்க்குப் பயன்பட்டு வருகிறது. கண்ணின் முன்பகுதியை நிரப்பும் திரவம் ஒரு நாளைக்கு 2 முதல் 3 மில்லி வரை சுரக்கிறது. அந்தச் சுரப்புக்கு பைகார்பனேட் தேவை; அதை உண்டாக்கித் தருவது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி. மாத்திரை இந்த நொதியைத் தடுப்பதால் திரவம் குறைவாகச் சுரந்து கண்ணின் அழுத்தம் இறங்குகிறது. இதே நொதி மூளையின் உள்ளறைகளில் உள்ள கோராய்டு பின்னலிலும் இருக்கிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் திரவத்தின் பெரும்பகுதி அங்கேதான், நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லி அளவில், சுரக்கிறது. ஆனால் எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது சுமார் 150 மில்லி மட்டுமே. மீதியெல்லாம் ரத்தத்தோடு கலந்து வடிந்துகொண்டே இருக்கிறது. உங்களுக்கு வந்திருப்பது காரணம் அறியப்படாத மண்டையோட்டு உள்ளழுத்த உயர்வு என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். இந்த அழுத்தத்தை நீர்மட்டத்தின் உயரமாக, சென்டிமீட்டரில் அளக்கிறோம். பெரியவர்களில் 25 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதை அதிகம் என்று கொள்கிறோம், உங்களுடையது 34. வடிகால் மந்தமான தொட்டியில் குழாயைச் சற்று மூடி வைப்பது போல, இந்த மாத்திரை திரவம் வரும் பக்கத்தைக் குறைக்கிறது.

அப்படியானால் கண் சொட்டு மருந்து போதாதா என்ற ஐயம் எழலாம். டார்சோலமைடு என்ற சொட்டு மருந்தும் இதே நொதியைத்தான் தடுக்கிறது. ஆனால் அதன் பலன் கண்ணோடு நின்றுவிடும், தலைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்காது. மேலும் இந்த நொதி தேவைக்கு மிக அதிகமாக உடலில் இருப்பதால், அதை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்தால்தான் சுரப்பு குறையும். உங்கள் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் கூட்டுவார் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

பார்வை நரம்பைச் சுற்றி மூளையின் உறைகளே நீண்டு வருகின்றன. அவற்றுக்குள் இருக்கும் திரவமும் கண்ணின் பின்பக்கம் வரை வருகிறது. அழுத்தம் கூடும்போது நரம்பிழைகளுக்குள் நடக்கும் போக்குவரத்து தடைபட்டு நரம்பின் முனை வீங்குகிறது. இந்த வீக்கம் நீடித்தால் பார்வையின் ஓரங்கள்தான் முதலில் பழுதாகின்றன. நடுப்பார்வை பெரும்பாலும் கடைசிவரை தெளிவாகவே இருக்கும். அதனால் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிட்டு நன்றாக இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே பார்வையின் விளிம்புகள் வலியின்றிக் குறைந்துகொண்டு வரலாம். வட அமெரிக்காவில் 165 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், எடை குறைப்பு உணவுமுறையோடு அசிட்டசோலமைடு சாப்பிட்டவர்களின் பார்வைப் புலமும் (நேராகப் பார்க்கும்போது ஓரங்கள் உட்படக் கண்ணுக்குத் தெரியும் பரப்பு) நரம்பு வீக்கமும், உணவுமுறையோடு வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட நன்றாகத் தேறின. தலைவலியிலோ இரு தரப்பினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மாத்திரை காப்பது பார்வையை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனவே நிறுத்துவதற்கான முடிவைப் பார்வைப் புலப் பரிசோதனையும் நரம்பு முனையின் படமும்தான் தர வேண்டும். கண்ணை ஒருவரும் தலையை மற்றொருவரும் கவனிக்கும் நோய்களில் இந்தப் பரிசோதனை இருவருக்கும் நடுவே தவறிப்போவதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. இரண்டு மருத்துவர்களிடமும் ஒரே கோப்பை எடுத்துச் செல்லுங்கள்; அடுத்த பார்வைப் புலப் பரிசோதனை எந்தத் தேதியில் என்பதை நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள்.

விரல் நுனி மரத்துப்போவது இந்த மருந்தில் மிகவும் சாதாரணம். அது நரம்பு கெட்டுப்போவதன் அறிகுறி அல்ல. சோடாவின் சுவை மாறுவதற்குக் காரணமும் அதே நொதிதான்: வாயுவை நாக்கு உணர்வதற்கு அது தேவை. அடிக்கடி சிறுநீர் போவதும் களைப்பும் வரலாம். சிறுநீரகக் கல்லுக்கு வாய்ப்பு இருப்பதால் தண்ணீர் நிறையக் குடியுங்கள். பொட்டாசியம், பைகார்பனேட் அளவுகளையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். தோலில் கொப்புளம், வாய்ப்புண்ணோடு காய்ச்சல், காரணமில்லாமல் ரத்தக்கட்டு ஆகியவை தோன்றினால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சல்ஃபா மருந்து ஏதேனும் முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும், கருத்தரிக்கும் திட்டம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அக்காவின் டோபிரமேட்டை எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கும் உரிய நல்ல மருந்து. இந்த நொதியையும் ஓரளவு தடுக்கிறது. பசியைக் குறைப்பதால் உங்கள் நோயில் சில மருத்துவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. ஆனால் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் ரத்தத்தில் அமிலத்தன்மையும் சிறுநீரகக் கல்லும் கூடும். கருவில் இருக்கும் குழந்தைக்கு உதட்டுப் பிளவு போன்ற குறைகளையும் டோபிரமேட் ஏற்படுத்தலாம். மேலும் அரிதாகச் சிலருக்கு, பெரும்பாலும் தொடங்கிய முதல் மாதத்துக்குள், கண்ணின் பின்னடுக்கில் நீர் கோத்து, விழிலென்சு முன்னோக்கித் தள்ளப்பட்டு, இரு கண்களிலும் அழுத்தம் திடீரென ஏறிவிடும். கண்வலியோடு தூரப்பார்வை திடீரென மங்கினால் அக்கா அன்றே கண் மருத்துவரிடம் போய், தான் டோபிரமேட் சாப்பிடுவதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். மருந்தை நிறுத்துவதே அதற்கு முதன்மையான சிகிச்சை.

உங்கள் உடல் எடையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது இந்த நோயின் வேருக்கே செல்லும் சிகிச்சை. மாத்திரை அதுவரை பார்வையைக் காத்துத் தரும். முகப்பருவுக்காக டாக்சிசைக்ளின், மினோசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின் ஆகியவற்றில் எதையாவது சாப்பிட்டு வந்தாலும், வைட்டமின் ஏ மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்து வந்தாலும் உடனே நரம்பியல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். இவையே தலைக்குள் அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. கண் இருட்டுவது அடிக்கடி நிகழத் தொடங்கினாலோ, உருவங்கள் இரண்டாகத் தெரிந்தாலோ, பார்வை ஓரங்களில் குறைந்தாலோ அடுத்த முன்பதிவுக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.