பழியைப் பனிமேல் போடாதீர்கள்

உணவுக்குழாய்க் கேன்சர் ஆபரேஷனுக்குப் பின்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறையும் பாதிக் கடிதங்களில் ஆபரேஷன் தேதி இல்லை. மூன்றாம் வாரமா மூன்றாம் வருஷமா என்று தெரியாமல் நான் என்ன சொல்ல? தேதி போடுங்கள். போன முறையும் இதையேதான் எழுதினேன்.

கே: அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து 4 மாதம். காலையில் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. இதயக் கோளாறா? (கோத்தகிரி)

ப: கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், தெம்புக்காகப் பெரிய டம்ளரில் வெல்லம் போட்ட ராகிக் கஞ்சி தருகிறோம் என்று. விடை அந்த டம்ளரில்தான் இருக்கிறது. இனிப்பும் தண்ணீருமாக மொத்தமும் ஒரே மூச்சில் சிறுகுடலில் கொட்டுகிறது. இதற்குப் பெயர் டம்பிங். வெல்லத்தை நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை, ஒரு கைப்பிடி அளவு. ஒவ்வொரு தடவையும் முட்டை, பருப்பு, தயிர் என்று ஏதாவது ஒன்று. தண்ணீர் சாப்பாட்டோடு வேண்டாம், அரை மணி கழித்து. இரண்டு மணி நேரம் கழித்துக் கை நடுங்கினால் அது சர்க்கரை இறங்குவது, இதற்குத் தம்பி. ஒரு ஈசிஜி எடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை.

கே: வயிற்றில் வைத்த டியூப் அடைத்துக்கொண்டது. (குன்னூர்)

ப: மாத்திரையைப் பொடித்துப் போட்டிருப்பீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர் 30 மில்லி சிரிஞ்சில் எடுத்து, மெதுவாகச் செலுத்தி இழுத்துப் பாருங்கள். கம்பி விடக் கூடாது. டியூப் கழன்று வந்துவிட்டால் அன்றைக்கே போங்கள். துளை சில மணி நேரத்தில் சுருங்கிவிடும்.

கே: ஆபரேஷன் ஆகி 8 மாதம். மார்கழிப் பனி ஆரம்பித்ததிலிருந்து மாமனாருக்கு ராத்திரியெல்லாம் இருமல். தைலம் தேய்க்கிறோம், இருமல் மருந்து இரண்டு பாட்டில் முடிந்தது. (மஞ்சூர்)

ப: மலையில் நமக்கு ஒரு வசதி, எதற்கும் பனியைக் கைகாட்டிவிடலாம். முப்பது வருஷமாக இதைக் கேட்டு அலுத்துவிட்டேன் அம்மா. காலையில் அவருடைய தலையணை உறையைப் பாருங்கள். மஞ்சள் கறை இருக்கிறதா? எழுந்ததும் வாய் கசக்கிறது என்கிறாரா? அப்படியென்றால் அது பனி இல்லை, பித்தநீர். இரைப்பையைக் குழாயாக்கி நெஞ்சுக்குள் ஏற்றியிருக்கிறார்கள். எதுக்களிக்காமல் காத்த வால்வு ஆபரேஷனோடு போய்விட்டது. படுத்தால், சாய்த்த குடம்தான். வழிவது தூக்கத்தில் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா.

நம் வீடுகளில் எட்டரைக்குச் சாப்பாடு, ஒன்பதுக்குக் கம்பளிக்குள். குளிர் அப்படி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் ஆறு மணிக்கே முடித்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம். அதுவரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்காரட்டும். (கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள், அது வேறு எமன்.) மூன்று தலையணை அடுக்குகிறோம் என்று பதில் எழுதாதீர்கள். தலையணை கழுத்தைத்தான் மடக்கும், நடு ராத்திரியில் ஆள் நழுவிக் கீழே கிடப்பார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல், அரை அடி உயரம். கால்மாட்டில் ஒரு பலகை, சறுக்காமல் இருக்க. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை பித்தத்தை நிறுத்தாது. காய்ச்சலும் சளியும் சேர்ந்திருந்தால், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல் மூன்றாவது பாட்டில் வாங்காதீர்கள்.

கே: இரண்டு மாதம் நன்றாக இறங்கியது. இப்போது சப்பாத்தி, புட்டு நெஞ்சில் நிற்கிறது. மறுபடி வந்துவிட்டதா? (கூடலூர்)

ப: இந்தக் காலக்கட்டத்தில் பெரும்பாலும் தையல் போட்ட இடம் சுருங்கியிருக்கும். எண்டோஸ்கோபியில் பார்த்து அப்போதே விரித்துவிடலாம். இரண்டு மூன்று தடவை தேவைப்படலாம். கஞ்சியும் இறங்காமல் போகும்வரை பயந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் தப்பு.

கே: குரல் கம்மிவிட்டது. (தேதி இல்லை, ஊர் இல்லை)

ப: குரல் நரம்பு அசங்கியிருக்கலாம். பலருக்குச் சில மாதத்தில் திரும்பும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் மட்டும் காத்திருக்காமல் காட்டுங்கள்.

கே: தேயிலைத் தோட்டத்து ஆள் நான். டீயை விடச் சொல்வீர்களா? (பெயர் வேண்டாம்)

ப: விட வேண்டாம், ஆறவைத்துக் குடியுங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் ‘அநேகமாகக் கேன்சர் உண்டாக்கக்கூடியவை’ பட்டியலில் சேர்த்தது. தப்பு டீயில் இல்லை, சூட்டில். உங்கள் வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். சர்க்கரை அரைக் கரண்டி போதும். ஏன் என்று முதல் பதிலில் இருக்கிறது.

கே: 12-ம் நாள். நேற்றிலிருந்து காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சு வாங்குகிறது. என்ன மாத்திரை தரலாம்? (கேத்தி)

ப: இதையா தபாலில் போடுவது! தையல் கசிவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில்தான். கடிதத்தில் நம்பர் இருந்ததால் கூப்பிட்டேன்; நல்ல வேளை, எழுதிய அன்று இரவே பக்கத்து வீட்டுக்காரர் ஜீப்பில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுபோயிருக்கிறார். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட. 108-ஐக் கூப்பிடுங்கள், ஆபரேஷன் செய்த இடத்துக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள். ராத்திரியானாலும் அப்போதே மலை இறங்குங்கள். படுக்க வைக்காமல், சாய்த்து உட்காரவைத்து.