நல்ல காரியத்துக்குப் பணம் திரட்ட ஜாலியான, புதுமையான வழிகள் என்னென்ன?

அலுவலக நண்பர்கள் பதினைந்து பேர் சேர்ந்து குழந்தைகளின் சிகிச்சைக்கு நிதி திரட்டப் போகிறோம், ஆறு வாரம் இருக்கிறது, உண்டியல் குலுக்காமல் வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டு வருடங்களாக நானும் இந்த வேலையில் ஏதாவது ஒரு விதத்தில் இருந்துகொண்டிருக்கிறேன். எனக்குக் கைகொடுத்ததை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன், கைகொடுக்காத ஒன்று. எங்கள் முதல் முயற்சி ஒரு பாட்டுக் கச்சேரி. அரங்க வாடகை, ஒலிபெருக்கி, விளக்கு, அச்சடித்த டிக்கெட் என்று எல்லாம் முறையாகச் செய்தோம். கூட்டமும் நன்றாக வந்தது. மறுநாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் வசூலில் முக்கால்வாசி செலவுக்கே போயிருந்தது. வந்தவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள், ஆனால் யாருக்காக நடத்தினோமோ அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது கொஞ்சம்தான். எனக்கு அது ரொம்ப நாள் உறுத்தியது. வருகிறவரை உட்கார்ந்து பார்க்கவைக்க நமக்குச் செலவாகிறது. அவருக்கே ஏதாவது ஒரு வேலை கொடுத்துவிட்டால் செலவும் குறைகிறது, அவர் கொடுக்கிற பணமும் கூடுகிறது. அதற்குப் பிறகு நாங்கள் செய்தது எல்லாமே இந்த வழியில்தான்.

அலுவலகத்துக்கு நான் முதலில் சொல்வது நாணயப் போர். மேசைமேல் இரண்டு கண்ணாடி ஜாடி, ஒவ்வொன்றும் ஓர் அணிக்கு. உங்கள் ஜாடியில் விழும் நாணயமெல்லாம் உங்களுக்குக் கூட்டல், நோட்டு விழுந்தால் கழித்தல். அதனால் எதிரணியைக் கீழே இறக்க வேண்டுமென்றால் அவர்கள் ஜாடியில் நீங்கள் நோட்டைப் போட வேண்டும். யார் ஜெயித்தாலும் இரண்டு ஜாடிப் பணமும் நிதிக்குத்தான். ஒரு முறை வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முடிவு என்று அறிவித்திருந்தோம். மூன்றே முக்காலுக்கு, அதுவரை இந்தப் பக்கமே வராத ஒரு அம்மா, நோட்டை எட்டாக மடித்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வந்தார். சுற்றும்முற்றும் பார்த்தார், எதிரணி ஜாடிக்குள் அதை விட்டார், விறுவிறுவென்று நடந்து போய்விட்டார். அடுத்த பத்து நிமிடத்தில் பழி தீர்க்க ஆறு பேர் வந்தார்கள். அந்த வாரம் முழுக்க வந்ததைவிட அந்தக் கால் மணி நேரத்தில் வந்தது அதிகம். எனவே முடியும் நேரத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடுங்கள், மதியத்திலிருந்து மணிக்கு ஒரு முறை நிலவரத்தைப் பலகையில் எழுதுங்கள். கையில் காசு வைத்துக்கொள்ளாதவர்கள் ஃபோனில் அனுப்பிவிட்டு, தொகையை ஒரு சீட்டில் எழுதி ஜாடியில் போடலாம்.

அடுத்தது திறமை ஏலம். பொருள் எதுவும் வாங்க வேண்டாம். சைக்கிள் பழுதுபார்ப்பது, ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லித் தருவது, குடும்பப் படத்தைப் பென்சிலில் வரைந்து தருவது, வயதானவருக்குப் பொறுமையாக ஃபோன் பழக்கிவிடுவது என்று ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ஒன்றைக் கொடுக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் ஒட்டிவையுங்கள். வேண்டியவர்கள் பெயரையும் தொகையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போவார்கள். ஆரம்பத் தொகையையும், ஒவ்வொரு முறையும் குறைந்தது எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதையும் தாளின் தலையிலேயே எழுதிவிடுங்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்கள்கூட இதில் தைரியமாகக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன், சத்தம் போட வேண்டியதில்லையே. செய்து தர வேண்டிய தேதியையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாதி வாக்குறுதி அப்படியே நின்றுவிடும்.

பழைய புத்தக விற்பனையை எல்லோரும் செய்கிறார்கள். நாங்கள் ஒரே ஒரு மாற்றம் செய்தோம். புத்தகம் கொடுப்பவர், அதைப் பற்றி இரண்டு வரி தன் கையால் எழுதி உள்ளே வைக்க வேண்டும். விலை கிடையாது, தோன்றியதைப் போடலாம். ஒரு சிறுவர் கதைப் புத்தகத்துக்குள் இப்படி ஒரு சீட்டு இருந்தது: “நடுவில் மூன்று பக்கம் இருக்காது. என் மகன் இரண்டு வயதில் கிழித்தது. கதை புரியும்.” அதை எடுத்தவர் வெகுநேரம் நின்று அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்துக்கு ஒரு தொகை போட்டார், அப்புறம் சீட்டையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு இன்னும் கொஞ்சம் போட்டார்.

நடை, ஓட்டம், நீச்சல் மாதிரியான சவால்களில் மொத்தமாக ஒரு தொகை கேட்பதைவிட, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்கு வாங்குங்கள். கொடுப்பவர் நடப்பவரோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிடுவார். உச்ச வரம்பு ஒன்றையும் சொல்லிவிடுங்கள், யார் கையையும் கடிக்கக் கூடாது.

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது கனடாவின் டெர்ரி ஃபாக்ஸை. புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர், 1980இல் செயற்கைக் காலுடன் நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் கேட்டது கனடாவில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு டாலர். அன்றைக்கு அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 2 கோடியே 40 லட்சம். 1981 பிப்ரவரியில் நிதி அந்த அளவைத் தொட்டது, அவர் உயிரோடு இருந்தபோதே. ஆளுக்கு ஒரு டாலர் என்றால் யாரும் தன்னால் முடியாது என்று ஒதுங்க மாட்டார்கள். நீங்களும் கேட்கும் தொகையை அப்படி ஒரு சின்னக் கணக்காக வைத்துப் பாருங்கள்.

2014இல் தலையில் ஐஸ் தண்ணீர் கொட்டிக்கொண்ட வீடியோக்கள் நினைவிருக்கும். ஒருவர் கொட்டிக்கொண்டதும் மேலும் சிலரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும், அவர்களுக்கு 24 மணி நேரம் கெடு. பெயர் சொல்லி அழைத்தால் மறுப்பது கஷ்டம், அதனால்தான் அது காட்டுத்தீ மாதிரிப் பரவியது. ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காக அமெரிக்கச் சங்கம் ஒன்றுக்கு மட்டும் 11.5 கோடி டாலர் வந்தது. நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவை 2016இல் கண்டறிந்த ஆய்வுக்கும் அந்தப் பணத்தில் ஒரு பங்கு போனது. உங்கள் சவாலிலும் ‘அடுத்து யார்’ என்ற கேள்வி இருக்கட்டும். ஆனால் மறுத்தவர் பெயரை எங்கேயும் எழுதாதீர்கள்.

கொடுத்தவர் பெயரை எழுதலாம், அவருக்குச் சம்மதம் என்றால். 1885இல் நியூயார்க் சுதந்திரதேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதவில்லை. எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் பெயரை அச்சிடுவேன் என்று ஜோசப் புலிட்சர் தன் பத்திரிகையில் அறிவித்தார். சில மாதங்களில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்களின் எண்ணிக்கையும் ஒரு லட்சத்தைத் தாண்டியது, பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. பெயர்களைத் தொகை வரிசையில் போடாமல் அகர வரிசையில் போடுங்கள். குறைவாகக் கொடுத்தவர் கடைசி வரியில் தன் பெயரைத் தேட வேண்டாம்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவையும் உண்டு. குலுக்கல் பரிசுச் சீட்டு பல நாடுகளில் லாட்டரிச் சட்டத்துக்குள் வரும், அனுமதி வேண்டுமா என்று விசாரிக்காமல் தொடாதீர்கள். பணத்தை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடட்டும். செலவு உட்பட முழுக் கணக்கையும் ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். முக்கியமாக, நோயுற்ற குழந்தையின் முகத்தைப் போஸ்டரில் போட்டுப் பணம் கேட்காதீர்கள். அந்தக் குழந்தை நாளைக்குப் பெரியவனாகி அந்தப் படத்தைப் பார்ப்பான். நானும் ஒரு முறை போட்டிருக்கிறேன், இன்று வரை வருத்தமாக இருக்கிறது.

ஆறு வாரத்துக்கு இவ்வளவும் வேண்டாம், இரண்டு போதும். உங்கள் இடத்தில் இருந்தால் நாலாவது வாரம் நாணயப் போர், ஆறாவது வாரம் திறமை ஏலம் என்று வைப்பேன். ஏலத்துக்கான வேலையை நாளைக்கே தொடங்கலாம். பதினைந்து பேருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்து, தனக்குச் செய்யத் தெரிந்த மூன்று விஷயங்களை எழுதச் சொல்லுங்கள். ஒன்றும் தெரியாது என்று ஒருவர் வெறும் தாளைத் திருப்பிக் கொடுப்பார். அவருக்கு என்ன வரும் என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேளுங்கள்.