அன்ரிபயோட்டிக் எடுத்தபின் வயிறு குழம்பிவிட்டது, புரோபயோட்டிக் குளிசை வாங்கலாமா?

அன்ரிபயோட்டிக் எடுத்ததில் வயிறு இளகிவிட்டது, பார்மசியில் விலை கூடிய புரோபயோட்டிக் (உயிருள்ள ‘நல்ல’ பக்ரீரியா அடைத்த குளிசை) பெட்டி ஒன்றைக் காட்டுகிறார்கள், வாங்குவதா விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். தடிமனுக்குத்தான் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பிழை என்றால் மன்னியுங்கள். நான் தடிமனுக்குத்தான் எடுத்தேன்.

முதலே சொல்லிவிடுகிறேன், நான் டொக்டர் இல்லை. முல்லைத்தீவு மாவட்டத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். ‘வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை’ என்று கீழே எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதலாம். வைரசுக்கு அன்ரிபயோட்டிக் வேலை செய்யாது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிற ஆள்தான் இதைச் செய்தேன்.

போன மாரியில் மூக்கு ஒழுகல், தொண்டை நோவு. தவணைப் பரீட்சை நடக்கிறது, லீவு போட முடியாது. டவுனில் ஒரு பார்மசி. டொக்டரின் மருந்துத் துண்டு கேட்கவில்லை. அங்கே நின்ற தம்பி கோ-அமொக்சிகிளாவ் என்ற அன்ரிபயோட்டிக் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, 15 குளிசையை ஒரு சின்னக் கடதாசிப் பையில் போட்டு, ‘மூன்று வேளை, ஐந்து நாள், சேர்’ என்றார். நானும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை. ஒன்பதரைக்கு முதல் தடவை ஓடினேன். பத்துக்கு இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை மலசலகூடத்தில் தண்ணீர் இல்லை. கிணற்றடியில் வாளியை நிரப்பிக்கொண்டு போகிறேன், மண்டபத்து ஜன்னலில் வரிசையாகத் தலைகள். அன்றைக்குப் பின்வாங்கில் எத்தனை பேர் பார்த்து எழுதினார்களோ, எனக்குத் தெரியாது.

பின்னேரம் அதே பார்மசி, அதே தம்பி. இப்போது புரோபயோட்டிக் பெட்டியை நீட்டினார். வயிற்றைக் குழப்பியதற்கு ஒரு காசு, சரிக்கட்ட இன்னொரு காசு. அதையும் வாங்கினேன்.

அடுத்த நாள் அரசாங்க ஆசுப்பத்திரிக்குப் போனால், வெளிநோயாளர் பிரிவில் இருந்தது என்னிடம் படித்த பிள்ளை. ‘சேர், தடிமனுக்கு இதை உங்களுக்கு யார் தந்தது?’ என்று கேட்டாள். அவ்வளவுதான், ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். குளிசையை நிறுத்தச் சொன்னாள், ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) கரைத்துக் குடிக்கச் சொன்னாள், புரோபயோட்டிக் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. (நீங்கள் நியுமோனியாவுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ எடுக்கிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். டொக்டரைக் கேளுங்கள். பழி என்மேல் வேண்டாம்.)

நடப்பது இதுதான். நமக்குச் சமிக்காத நாரைப் பெருங்குடலில் இருக்கும் பக்ரீரியா நொதிக்கவைத்து பியூட்டிரேற் என்ற அமிலத்தைத் தருகிறது. குடற்சுவரின் கலங்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். அன்ரிபயோட்டிக் கெட்டது நல்லது பார்க்காமல் இந்தக் கூட்டத்தையும் அடிக்கிறது. நொதிக்காமல் கிடக்கும் மாச்சத்து தண்ணீரை இழுக்கிறது, வயிறு ஓடுகிறது. இந்தச் சனம் இன்னொரு வேலையும் செய்கிறது, அது இடம் பிடித்து வைப்பது. வவுனியா பஸ்சில் ஊர்ச் சனம் எல்லாச் சீற்றிலும் இருந்தால் புதிதாக ஏறுகிறவனுக்கு மிதிபலகைதான். சீற் காலியானால் கடும் வயிற்றோட்டம் தரும் குளோஸ்ரிடியோயிடிஸ் டிஃபிசில் என்ற பக்ரீரியா போன்ற ரவுடி வந்து காலை நீட்டிப் படுத்துவிடும்.

இந்தச் சனத்தொகை விஷயத்திலும் நான் அவமானப்பட்டவன்தான். மனிதக் கலங்களைவிடப் பக்ரீரியா பத்து மடங்கு என்று பல வருஷம் படிப்பித்தேன். ஒரு பெடியன் போனைக் காட்டினான். 2016இல் திரும்பக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பக்ரீரியா சுமார் 38 இலட்சம் கோடி, நம் கலங்கள் சுமார் 30 இலட்சம் கோடி. ஏறக்குறைய சமன். அவனைப் பாராட்டினேன், ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் எரிந்தது.

இனி அந்தப் பெட்டி. 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வில், அன்ரிபயோட்டிக் முடித்த சிலருக்குப் புரோபயோட்டிக் கொடுத்தார்கள், சிலரைச் சும்மா விட்டார்கள், சிலருக்கு முன்பே எடுத்து வைத்த அவர்களுடைய மலத்தையே திரும்பக் குடலுக்குள் விட்டார்கள். சொந்த மலம் போனவர்களின் பக்ரீரியா சில நாளில் பழைய நிலைக்கு வந்தது. புரோபயோட்டிக் எடுத்தவர்களுக்குச் சும்மா விடப்பட்டவர்களைவிடவும் பிந்தியது. விருந்தாளி வீட்டுக்காரனை உள்ளே விடவில்லை. அது சின்ன ஆய்வு, ஒரு வகைக் கலவை, அதை வைத்து எல்லாப் பெட்டியையும் குப்பையில் போடச் சொல்லவில்லை. சில வகைகளை அன்ரிபயோட்டிக்கோடு சேர்த்தே தொடங்கினால் வயிற்றோட்டம் குறைகிறது என்றும், குறிப்பாகப் பிள்ளைகளில், ஆய்வுகள் உண்டு. கம்பெனிக்காரர் யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

மலத்தை விடுவதா என்று முகம் சுளிப்பீர்கள். அம்மாவுக்குச் சொன்னபோது சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். ஆனால் 2013இல் நெதர்லாந்தில், அந்த டிஃபிசில் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு ஆரோக்கியமான ஆட்களின் மலக் கரைசலைக் கொடுத்தபோது 16 பேரில் 13 பேருக்கு முதல் தடவையிலேயே சுகம். வன்கோமைசின் என்ற அன்ரிபயோட்டிக் எடுத்தவர்கள் மிகவும் பின்தங்கியதால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கத் தேவையில்லை.

அம்மா எனக்குத் தந்தது முதல் இரண்டு நாள் கஞ்சி, கதலிப்பழம். ஓட்டம் நின்றபிறகு பழஞ்சோறு, தயிர், சின்ன வெங்காயம். தயிர்ப் பக்ரீரியா பெரும்பாலும் குடலில் குடியேறுவதில்லை, வந்து போவதுதான். ஆனாலும் ஆறிய சோற்றில் சமிக்காத மாச்சத்து கூடும், அது உள்ளே இருக்கும் சனத்துக்குத் தீனி. நாலு நாளில் சரியானேன். எதனால் என்று அடித்துச் சொல்லமாட்டேன், சும்மா இருந்தாலும் சரியாகியிருக்கும்.

தயிர் என்றால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மப்பாவிடம் அறுபது எருமை நின்ற பட்டி இருந்தது. முட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். 2009இல் கட்டையை அவிழ்த்துவிட்டு ஓடியதோடு அது போயிற்று. திரும்பி வந்து நாலு மாடு வாங்கிக் கட்டினால் மேய்ச்சல் தரை இல்லை. இந்தப் பக்கம் வயல், மாடு போனால் வழக்கு. அந்தப் பக்கம் காடு என்று கல்லு நட்டிருக்கிறார்கள். மாடு வானத்திலா மேயும்? கேட்டால் கூட்டம் வைப்பார்கள், தேத்தண்ணி தருவார்கள். இப்போது வன்னியில் இருந்துகொண்டு பிளாஸ்ரிக் கப் தயிர் சாப்பிடுகிறேன்.

சரி, உங்கள் கேள்வி. நான் உங்கள் இடத்தில் என்றால் பெட்டியை வாங்கமாட்டேன். ஜீவனி, கஞ்சி, பொறுமை. மலத்தில் இரத்தம், காய்ச்சல், கடும் வயிற்று நோ, அல்லது ஓட்டம் நிற்காமல் தொடர்ந்தால் ஆசுப்பத்திரி. ஓட்டத்தை நிறுத்துகிற குளிசையை நீங்களாகப் போடவேண்டாம். வீட்டில் வயதானவர் என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

என்னுடைய 15இல் ஆறு குளிசை மீதி. எறியப் போனேன், அம்மா பறித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார், அடுத்த தடிமனுக்கு உதவுமாம்.